எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டியின் தீமூட்டல் கோளாறுகள்

எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டி என்பது மின்சார அமுக்கி இன்றி, எரிவாயுச் சுடரின் வெப்பத்தைக் கொண்டு குளிர்ச்சியை உண்டாக்கும் உறிஞ்சல் வகைக் குளிர்சாதனப் பெட்டி ஆகும். தங்கும் வசதியுள்ள சுற்றுலா ஊர்திகளிலும், மின்சாரம் எட்டாத இடங்களிலும் இது பயன்படுகிறது. இப்பெட்டியில் சுடர் பற்றாமல் போவதும், பற்றிய சுடர் நிலைக்காமல் அணைவதும் தீமூட்டல் கோளாறுகள் எனப்படும்.

சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக்கு அமுக்கி எப்படியோ, அப்படியே இதற்குச் சுடர். சுடர் இல்லையேல் குளிர்ச்சி இல்லை. எனினும் தீமூட்டல் கோளாறுகளிற் பெரும்பாலானவை விலையுயர்ந்த பகுதிகளில் ஏற்படுவதில்லை. தூசி அடைத்த துளை, துருப்பிடித்த திருகு, நகர்ந்துவிட்ட மின்முனை போன்ற சிறு காரணங்களே மிகுதி. எனவே பகுதிகளை மாற்றுவதற்கு முன், கோளாறு எந்தக் கட்டத்தில் உள்ளது என்று வரிசைப்படி அறிவதே முதன்மையானது. இக்கட்டுரை அவ்வரிசையையும், காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் இக்கோளாறுகள் மிகுவதற்கான காரணங்களையும் விளக்குகிறது.

## வரலாறு

இயந்திரக் குளிர்பதனம் பரவுவதற்கு முன் தமிழகக் கரைக்குக் குளிர்ச்சி கப்பலில் வந்தது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைச் சேமிப்பதற்காக 1842 இல் மெரினா கடற்கரையை ஒட்டி ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படுகிறது. செயற்கைப் பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியதும் அவ்வணிகம் மறைந்தது.

பிரெஞ்சுப் பொறியாளர் பெர்டினான்ட் காரே 1859 இல் அமோனியாவையும் நீரையும் கொண்டு இயங்கும் உறிஞ்சல் பொறியை உருவாக்கினார். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1922 இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் இப்பொறியில் ஹைட்ரஜனைச் சேர்த்து, நகரும் பகுதிகளே இல்லாத வடிவத்தை அமைத்தனர். இதன் உரிமையை 1925 இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் பெற்றது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் வடிவமைத்த வேறொரு உறிஞ்சல் குளிர்பதனிக்கு 1930 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

மின்சாரம் இல்லாத நாட்டுப்புறங்களில் மண்ணெண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் இயங்கும் உறிஞ்சல் பெட்டிகள் தடுப்பு மருந்துகளைச் சேமிக்க நெடுங்காலம் பயன்பட்டன. சுற்றுலா ஊர்திகளில் இவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இவ்வூர்திப் பெட்டிகளிற் பல எரிவாயு, 12 வோல்ட் மின்கலம், வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றில் எதனாலும் இயங்கவல்லவை.

## செயற்படும் முறை

பெட்டியின் பின்புறத்தில் முற்றிலும் மூடப்பட்ட எஃகுக் குழாய்த் தொகுதி ஒன்று உள்ளது. அதனுள் அமோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும்.

1. தொகுதியின் அடியில் எரியும் சுடர், அமோனியா கலந்த நீரைக் கொதிக்கச் செய்கிறது. அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே செல்கிறது.
2. மேலே உள்ள குளிர்விப்புத் தகடுகளில் அது வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகிறது.
3. திரவ அமோனியா ஹைட்ரஜன் நிறைந்த குழாயினுள் நுழைந்து மீண்டும் ஆவியாகிறது. அப்போது பெட்டியின் உட்புற வெப்பத்தை உறிஞ்சுகிறது.
4. ஆவியான அமோனியாவை நீர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, சுழற்சி தொடர்கிறது.

இச்சுழற்சி முழுவதும் புவியீர்ப்பினாலும் வெப்பத்தினாலும் மட்டுமே நடைபெறுகிறது. ஆகவே பெட்டி ஓசையின்றி இயங்கும். இதற்குத் தேவையான சுடர் மிகச் சிறியது. ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளளவுள்ள ஊர்திப் பெட்டி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் எரிவாயுவைச் செலவிடும். சிறிய சுடர் என்பதால் எரிவாயு வரும் துளையும் மிக நுண்ணியது. கோளாறுகள் பலவற்றின் வேர் இந்த நுண்மையில்தான் உள்ளது.

## தீமூட்டும் அமைப்பு

### கைமுறை அமைப்பு

இதில் பயனர் ஒரு குமிழை அழுத்திப் பிடித்து எரிவாயுவைத் திறக்கிறார். மற்றொரு பொத்தானை அழுத்தும்போது அழுத்தமின் படிகம் ஒன்று உயர் மின்னழுத்தத்தை உண்டாக்க, பர்னர் முனையில் தீப்பொறி பறக்கிறது. சுடரில் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப மின்னிரட்டை சூடேறி, சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. அச்சிறு மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்தே வைக்கிறது. சுடர் அணைந்தால் மின்னிரட்டை குளிர்ந்து, வால்வு தானே மூடிக்கொள்ளும். இவ்வமைப்பிற்கு வெளி மின்சாரம் தேவையில்லை.

### தானியங்கி அமைப்பு

இதில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று 12 வோல்ட் மின்கலத்தால் இயங்குகிறது. அது எரிவாயு வால்வைத் திறந்து, தொடர்ச்சியாகத் தீப்பொறிகளைச் செலுத்துகிறது. சுடர் பற்றியதும் அதில் உண்டாகும் அயனிகள் வழியே மின்முனையிலிருந்து பர்னருக்கு மைக்ரோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் பாய்கிறது. இதைக் கொண்டே பலகை சுடர் இருப்பதை உணர்கிறது. குறித்த நேரத்திற்குள் சுடர் உணரப்படாவிட்டால் வால்வு மூடப்பட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும். இது பூட்டுநிலை எனப்படும். பூட்டுநிலை கோளாறு அன்று; எரியாத வாயு சேராமல் தடுக்கும் காப்பு ஆகும். ஆகவே மீண்டும் மீண்டும் இயக்கி அதை வெல்ல முயல்வது தவறு.

## கோளாறு கண்டறிதல்

எந்த அமைப்பாயினும் பின்வரும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் எழுப்பினால் கோளாறு உள்ள கட்டம் புலப்படும்.

* எரிவாயு பர்னரை வந்தடைகிறதா?
* தீப்பொறி சரியான இடத்தில் உண்டாகிறதா?
* பற்றிய சுடர் உணரப்படுகிறதா?

தீப்பொறி கேட்கிறது, ஆனால் சுடர் இல்லை எனில் முதற் கேள்வியில் தொடங்க வேண்டும். தீப்பொறியே கேட்கவில்லை எனில் இரண்டாவது கேள்வியும், சுடர் பற்றிச் சில நொடிகளில் அணைந்தால் மூன்றாவது கேள்வியும் உரியவை.

### எரிவாயு வழங்கல்

முதலில் அதே சிலிண்டரில் இணைந்துள்ள அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கலாம். அடுப்பு நன்கு எரிந்தால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பொதுவாகச் சரியாக உள்ளன என்று கொள்ளலாம். அடுப்பும் எரியாவிட்டால் சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், வால்வு மூடியிருக்கலாம் அல்லது ரெகுலேட்டர் பழுதடைந்திருக்கலாம்.

* குழாயில் காற்று: சிலிண்டர் மாற்றிய பின்பும், நெடுநாள் பயன்படுத்தாத பின்பும் குழாயில் காற்று நிறைந்திருக்கும். காற்று வெளியேறும் வரை சுடர் பற்றாது. இடைவெளி விட்டுச் சில முறை முயன்றால் போதும்.
* அழுத்தம்: இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் எரிவாயுவைத் தருகிறது. அமெரிக்க ஊர்திப் பெட்டிகள் சுமார் 28 மில்லிபாருக்கு அமைக்கப்பட்டவை. ஐரோப்பியப் பெட்டிகளிற் பல 30 மில்லிபாருக்கு உரியவை. பெட்டியின் தகட்டில் குறித்த அளவே சரியானது.
* ஜெட் அடைப்பு: எரிவாயு வெளிவரும் நுண்துளை ஜெட் எனப்படும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இதை அடைக்கும். ஊசி, கம்பி ஆகியவற்றால் குத்தினால் துளை பெரிதாகி, சுடர் மஞ்சளாகிப் புகையும். ஜெட்டை ஆல்ககாலில் ஊறவைத்து உலரவிடுவதே முறை. சரியாகாவிட்டால் மாற்ற வேண்டும்.
* பூச்சிக்கூடு: பயன்படுத்தாத காலத்தில் பர்னர் குழாயிலும் காற்றுத் துளைகளிலும் சிலந்தி வலை பின்னும், குளவி மண்கூடு கட்டும். காற்று கலப்பது தடைபட்டுச் சுடர் பற்றாமலோ, மஞ்சளாக எரிந்தோ போகும்.

### தீப்பொறி

தானியங்கி அமைப்பில் மின்கலத்தின் மின்னழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். 11 வோல்ட்டிற்குக் கீழே இறங்கிவிட்டால் பல பலகைகள் ஒழுங்காக இயங்குவதில்லை. அடுத்து மின்முனையை நோக்க வேண்டும்.

* மின்முனைக்கும் பர்னருக்கும் இடையிலான தூரம் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். ஊர்தியின் அதிர்வால் மின்முனை நகர்ந்து இத்தூரம் மாறிவிடலாம்.
* மின்முனையைச் சுற்றியுள்ள வெண்பீங்கானில் கீறல் இருந்தால், தீப்பொறி முனைக்கு வராமல் கீறல் வழியே தாங்கிக்குப் பாயும். ஓசை கேட்கும், சுடர் மட்டும் பற்றாது. எரிவாயுவை மூடி, இருட்டில் பார்த்தால் பொறி பறக்கும் இடம் தெரியும்.
* உயர் மின்னழுத்தக் கம்பியின் உறை வெடித்திருந்தாலும் இதுவே நேரும்.
* மின்முனையிலும் பர்னரிலும் படிந்த புகைக்கரியையும் துருவையும் நுண் உப்புத்தாளால் நீக்க வேண்டும்.

### சுடர் உணர்தல்

கைமுறை அமைப்பில் குமிழை விட்டவுடன் சுடர் அணைந்தால், அரை நிமிடம் வரை கூடுதலாக அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். அப்போதும் அணைந்தால் மின்னிரட்டையின் நுனி சுடரில் படவில்லை, அதன் இணைப்புத் திருகு தளர்ந்துள்ளது, அல்லது மின்னிரட்டையே தேய்ந்துவிட்டது என்று பொருள்.

தானியங்கி அமைப்பில் சுடர் நன்கு எரியும்போதே பலகை அதை அணைத்துப் பூட்டுநிலைக்குச் சென்றால், உணர்மின்னோட்டம் பலகைக்குத் திரும்பவில்லை எனலாம். அது திரும்பும் வழி பர்னரின் உலோகமும் அதன் நிலத்தொடுப்புக் கம்பியும் ஆகும். ஒரு திருகின் அடியில் படிந்த துருவே மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தைத் தடுக்கப் போதுமானது. எனவே பலகையைக் குறைகூறி மாற்றுவதற்கு முன், நிலத்தொடுப்பைக் கழற்றித் தேய்த்து, இறுகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

### சுடர் எரிந்தும் குளிராமை

இது தீமூட்டல் கோளாறு அன்று; எனினும் அவ்வாறே தவறாகக் கருதப்படுவது உண்டு. ஊர்தி சாய்வாக நிற்பதும், புகைபோக்கியில் கரி அடைத்திருப்பதும், பின்புறக் காற்றோட்டம் போதாமையும் இதற்குப் பொதுவான காரணங்கள். சாய்வான நிலையில் நெடுநேரம் இயங்கினால் கொதிகலப் பகுதி மிகையாகச் சூடேறி நிலையான சேதம் அடையும். பெட்டியைச் சுற்றி அமோனியாவின் காரமான நெடி வீசினால் குழாய்த் தொகுதி கசிகிறது என்று பொருள். அப்பெட்டியை உடனே அணைத்துவிட வேண்டும்.

## காரைக்கால் கடற்கரைச் சூழல்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டம் ஆகும். காவிரிப் படுகையின் கடைமடையில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இந்நகர் அமைந்துள்ளது. இங்குள்ள மீன்பிடிப் படகுகள் மீனைப் பனிக்கட்டி இட்டே பாதுகாக்கின்றன. எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் சுற்றுலா ஊர்திகளோடு வரும் பொருளாகும். இக்கரையின் இயல்புகள் பின்வரும் வகைகளில் அதைப் பாதிக்கின்றன.

உப்புக்காற்று: கடற்காற்று சுமந்துவரும் உப்பு, மின்முனைப் பீங்கானில் மெல்லிய படலமாகப் படிகிறது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்துவதால், தீப்பொறி வலுவிழக்கிறது. அதே உப்பு நிலத்தொடுப்புத் திருகுகளை அரிப்பதால், சுடர் உணர்தலும் கெடுகிறது. ஆகவே கடற்கரையில் ஒரே காரணம் இரண்டு வேறு கோளாறுகளாகத் தோன்றக்கூடும். நன்னீர் நனைத்த துணியால் பீங்கானைத் துடைத்து உலர்த்துவதும், இணைப்புகளைத் தூய்மை செய்வதும் இங்கு முதற் பணிகள் ஆகும்.

பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசுகிறது. பெட்டியின் காற்றுத்துளைகள் கடலை நோக்கி இருந்தால் சுடர் அணைவதோடு, மழைச்சாரலும் உட்புகும். ஊர்தியை அத்துளைகள் காற்றுக்கு மறுபக்கம் இருக்குமாறு நிறுத்துவது நன்று.

வெப்பம்: பெட்டிகள் தட்பவெப்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 'என்' வகுப்பு 32 பாகை செல்சியசு வரையும், 'எஸ்.டி.' வகுப்பு 38 பாகை வரையும், 'டி' வகுப்பு 43 பாகை வரையும் உள்ள சுற்றுப்புற வெப்பநிலைக்கு உரியவை. குளிர்நாடுகளுக்கென வடிவமைத்த 'என்' வகுப்புப் பெட்டி, சித்திரை, வைகாசி மாதங்களில் சுடர் சரியாக எரிந்தும் போதிய குளிர்ச்சி தராது.

எரிவாயு வகை: காவிரிப் படுகையில் இயற்கை எரிவாயு எடுக்கப்படுகிறது. காரைக்கால் மாவட்டத்தின் திருமலைராயன்பட்டினத்தில் அதைக் கொண்டு இயங்கும் 32.5 மெகாவாட் மின்னிலையம் ஒன்றும் உண்டு. ஆனால் இயற்கை எரிவாயு பெரும்பகுதி மீத்தேன் ஆகும். சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு. இரண்டிற்கும் வேண்டிய ஜெட்டும் அழுத்தமும் வெவ்வேறு. ஒன்றிற்கு அமைத்த பெட்டியை மற்றொன்றோடு இணைத்தல் ஆகாது.

ஒப்பீட்டிற்கு மலைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் உப்பு இல்லை. ஆனால் காற்று அடர்த்தி குறைவாதலால் சுடர் எரியப் போதிய ஆக்சிசன் கிடைப்பது குறைகிறது. மேலும் பியூட்டேன் −0.5 பாகையில் கொதிப்பதால், உறைபனி இரவுகளில் அது ஆவியாவது குறைந்து வாயு அழுத்தம் இறங்கும். −42 பாகையில் கொதிக்கும் புரோப்பேனுக்கு இச்சிக்கல் இல்லை.

## மின்தடையும் மருந்துப் பாதுகாப்பும்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களிற் பல இடங்களில் நெடுநாள் மின்தடையை ஏற்படுத்தியது. இத்தகைய வேளைகளில் இன்சுலின் போன்ற மருந்துகளை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருப்பது கடினம். மின்சாரமின்றி இயங்கும் எரிவாயுப் பெட்டி அப்போது பயன்தரும். 14.2 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று, மேற்கூறிய செலவளவில், ஏறத்தாழ ஒன்றரை மாதம் வரும்.

ஆயினும் தானியங்கி அமைப்புக்கு 12 வோல்ட் மின்கலம் தேவை என்பதை மறத்தல் கூடாது. சிலிண்டர் நிறைந்திருந்தும், மின்கலம் தீர்ந்தால் சுடர் பற்றாது. மருந்து வைக்கும் பெட்டியில் வெப்பமானி ஒன்றும் இருத்தல் வேண்டும். பல உறிஞ்சல் பெட்டிகள் வெப்பநிலையைத் துல்லியமாகக் காப்பதில்லை. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

## பாதுகாப்பு

* திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலும் பள்ளங்களிலும் தங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்த நிலையில் தீப்பற்றும்.
* இவ்வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை உணர்வதற்காக எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. நெடி வீசினால் தீப்பொறிச் சோதனை எதையும் செய்யக்கூடாது. சிலிண்டரை மூடி, மின்விசைகளைத் தொடாமல், கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும்.
* கசிவைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக்கூடாது.
* தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சிக்குப் பின்பும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சேர்ந்த வாயு கலைந்த பின்னரே மறுமுயற்சி செய்யலாம்.
* மின்னிரட்டையைக் குறுக்கிணைப்புச் செய்தோ, வால்வைக் கட்டி வைத்தோ சுடரை நிலைக்கச் செய்வது உயிருக்கு ஆபத்தானது.
* மஞ்சள் சுடர் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. பெட்டியின் புகை முழுவதும் ஊர்திக்கு வெளியே செல்ல வேண்டும். சரியான சுடர் நீலநிறமாக இருக்கும்.
* சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் புகும்.
* ஊர்தியில் எரிபொருள் நிரப்பும் நிலையத்தை அடையும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும்.

2006 இல் அமெரிக்காவில், ஊர்திக் குளிர்சாதனப் பெட்டிகள் 9 இலட்சத்திற்கும் மேற்பட்டவை கொதிகலக் குழாய் வெடிப்பினால் தீப்பற்றக்கூடும் என்பதால் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பழைய பெட்டி ஒன்றை வாங்குவோர் அதன் தயாரிப்பு எண்ணைக் கொண்டு அது திரும்பப் பெறப்பட்டதா என்று சரிபார்ப்பது நல்லது. குழாய்த் தொகுதி, எரிவாயு வால்வு ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரே பழுதுபார்க்க வேண்டும். இந்தியாவில் எரிவாயுக் கசிவு குறித்த அவசர உதவிக்கு 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

## இவற்றையும் பார்க்க

* உறிஞ்சல் குளிர்பதனம்
* அமோனியா
* வெப்ப மின்னிரட்டை
* அழுத்தமின் விளைவு
* திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு
* காரைக்கால் மாவட்டம்